காரணம் கண்டறியப்படவில்லை

ஆகஸ்ட் 12, திங்கள்

வந்துவிட்டேன். இரண்டு வருடத்துக்கு முன் அரை மதிப்பெண்ணில் என்னை வேண்டாம் என்று சொன்ன அதே பல்கலைக்கழகம், இன்று ஆவுடைச்செல்வி என்ற பெயரைப் பதிவேட்டில் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு, அடையாள அட்டையும் கொடுத்தது. ப்ளஸ் டூவில் என் கட்-ஆஃப் 181.5. மின்னியல் துறையில் கடைசி இடம் 182-க்குப் போனது. இந்த இரண்டு எண்ணையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதன்பிறகு கோவில்பட்டி பாலிடெக்னிக்கில் இரண்டு வருடம் டிப்ளமா. இப்போது 'லேட்டரல்' என்று இங்கே சொல்கிற நேரடி இரண்டாம் ஆண்டுச் சேர்க்கையில் உள்ளே வந்திருக்கிறேன்.

என்ன இடம் இது! நூலகத்தில் ஒரு மாடி முழுக்க மின்னியல் புத்தகங்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு மணி நேரம் புத்தகங்களின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வந்தது. நல்ல வேளை, பக்கத்தில் யாரும் இல்லை.

இசக்கிக்குப் போன் போட்டுச் சொன்னேன். பாலிடெக்னிக்கில் இரண்டு வருடமும் லேபில் அவள்தான் என் ஜோடி. வகுப்பில் முதல் மதிப்பெண் அவள், இரண்டாவது நான். ஆனால் அவள் இந்தச் சேர்க்கைக்கு விண்ணப்பமே போடவில்லை. "எனக்குக் கையால தொட்டுச் சோலி பாக்கணும். இன்னும் மூணு வருசம் பெஞ்சத் தேய்க்க என்னால ஆவாது" என்று வேலைக்குப் போய்விட்டாள். என் விண்ணப்பத்தை மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்ப வைத்தாள். பயந்துகொண்டு வேறு கல்லூரியை முதல் விருப்பமாகப் போடப் போனேன். கையைத் தட்டிவிட்டாள்.

"ஒரு தடவ வேண்டாம்னுட்டாங்க. ரெண்டாவது தடவையும் வேண்டாம்னு சொல்லுதாங்களான்னு கேட்டுத்தான் பாப்பமே, ஏட்டி."

இன்று அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "கட்டடமெல்லாம் கெடக்கட்டும். லேபு எப்படி இருக்கு?"

இன்னும் பார்க்கவில்லை என்றேன். "பெறவு காலையிலேருந்து என்னத்தப் பாத்த?" என்று திட்டினாள்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

லேட்டரலில் வந்தவர்களுக்குப் பதிவெண் முந்நூற்றில் தொடங்குகிறது. எனக்கு 307. வருகைப் பதிவில் எல்லோரையும் கூப்பிட்டு முடித்து, ஆசிரியர் மூச்சு வாங்கிய பிறகுதான் என் எண் வரும். அதற்குள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மதியம் மெஷின் லேப். நான்கு பேருக்கு ஒரு மேசை. என்னோடு மிருதுளா, டேனியல், கீர்த்திவாசன். மிருதுளாதான் வகுப்பில் முதல் மாணவி. டேனியல் என் எண்ணைப் பார்த்ததும் துள்ளிக் குதித்தான்.

"லேட்டரலா? செம! அப்போ வயரிங் நீங்க பாத்துக்கோங்க. சீனியர் பேட்ச்லகூட லேட்டரல் அக்காதான் வயரிங். கணக்கு, கிராஃப்லாம் நாங்க போட்டுடுவோம்."

இங்கே அதுதான் வழக்கமாம். ஏழு நிமிடத்தில் இணைப்புகளை முடித்தேன். கை தட்டினார்கள். எனக்கும் உச்சி குளிர்ந்துவிட்டது. கை கழுவித் திரும்பும்போது டேனியல் அடுத்த மேசைக்காரனிடம் சொன்னது காதில் விழுந்தது. "நமக்கு ஆள் கிடைச்சாச்சு மச்சி. இந்த வருஷம் கையில கறை படாது."

கெட்ட பையன் இல்லை, விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. வயர் முறுக்கவா இத்தனை பாடுபட்டு இங்கே வந்தேன்? ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். இனி லேபில் வயரைத் தொடப்போவதில்லை. நானும் அவர்களைப் போல நோட்டும் கால்குலேட்டருமாக நிற்பேன். இங்கே நான் இவர்களில் ஒருத்தி ஆகவேண்டும், வேலைக்கு வந்த ஆள் ஆகக் கூடாது.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

துணி துவைத்தேன். விடுதிக் கொடியில் இடம் பிடிக்க ஆறு மணிக்கே எழுந்தேன். என் வாழ்க்கையில் மற்ற எந்த விஷயத்திலும் நான் இவ்வளவு சுறுசுறுப்பாக இருந்ததில்லை.

முதலாண்டுக் கணிதத் தாள் இரண்டையும் நான் கூடுதலாக எழுத வேண்டும். நவம்பரில் இரண்டிலும் தேறாவிட்டால் இங்கே என் சேர்க்கை ரத்து. விதிமுறைத் தாளில் அந்த வரியை மட்டும் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். முதல் அத்தியாயமே எனக்குச் சீன மொழி. மிருதுளா தானாக வந்து, "சண்டே ஃப்ரீதான், நான் சொல்லித் தரேன்" என்றாள். மெஸ் மேசையில் ஒரு தட்டையும் இரண்டு டம்ளரையும் வைத்தே இரட்டைத் தொகையீட்டைப் புரிய வைத்துவிட்டாள். என்ன மூளை! அதைவிட, ஒரு தடவைகூட 'இதுகூடத் தெரியாதா' என்று அவள் முகம் சொல்லவில்லை. இவளைப் பார்த்துப் பொறாமைப்படலாம் என்று உட்கார்ந்தால் அதுகூட வரமாட்டேன் என்கிறது.

நான் லேபில் வயரைத் தொடுவதில்லை என்பதை அவள் கவனித்துவிட்டாள். கையில் அலர்ஜி என்று சொல்லி வைத்தேன். அன்றிலிருந்து அவளே இணைக்கிறாள். மெதுவாக, படத்தைப் பார்த்துப் பார்த்து.

செப்டம்பர் 8, ஞாயிறு

இசக்கியின் கம்பெனி அவளைச் சென்னைக்கு மாற்றிவிட்டது. மின்பலகைகள் மாட்டி, பராமரிக்கும் கம்பெனி. ஆறு மாதம் தற்காலிகம், அதில் ஒரு புகாரும் வராமல் இருந்தால் நிரந்தரம். இதுவரை நாலு மாதம் முடிந்திருக்கிறது. அந்தக் கிளையில் ஒரே பெண் அவள்தான்.

நிரந்தரம் ஆகிவிடுவாள், எனக்குச் சந்தேகமே இல்லை. பாலிடெக்னிக்கில் ஒரு தடவை கம்ப்ரஸர் மோட்டார் உறுமிக்கொண்டே இருந்தது. ஆசிரியர்கள் மூன்று பேர் சுற்றி நின்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். இசக்கி ஸ்க்ரூ டிரைவரின் முனையை மோட்டார் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டாள். "பின்னால பேரிங்கு போச்சு சார்" என்றாள். பிரித்துப் பார்த்தால் அப்படியே. இரண்டு வருடத்தில் அவள் காரணம் கண்டுபிடிக்காத பழுது ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. அவளை நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

அடுத்த ஞாயிறு சந்திக்கலாம் என்றாள். கணக்கு இருக்கிறது, பிறகு பார்க்கலாம் என்றேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

மெஷின் லேபில் மின்பலகையை மாற்றுகிறார்கள். கம்பெனி ஆட்கள் வந்திருந்தார்கள். தலைவலி. ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டேன்.

செப்டம்பர் 18, புதன்

கணக்கு, இரண்டாவது அத்தியாயம். செருப்பு வார் அறுந்துவிட்டது, வாசலில் தைக்கக் கொடுத்தேன். மெஸ்ஸில் சாம்பார் என்ற பெயரில் ஏதோ ஊற்றினார்கள்.

அம்மா போனில் கேட்டாள். "இசக்கி ஒங்க காலேஜ்லயே சோலி பாக்காளாம்லா? அவ அம்மா சொன்னா. பாத்தியா?"

"இன்னும் இல்லம்மா."

செப்டம்பர் 19, வியாழன்

என் நோட்டில்கூடப் பொய் எழுதினால் வேறு எங்கே உண்மை எழுதுவது?

செவ்வாய்க்கிழமை நாங்கள் லேபுக்குள் நுழையும்போது இசக்கி ஏணி மேல் நின்றுகொண்டிருந்தாள். நீலச் சட்டை, தலையில் மஞ்சள் தொப்பி. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாகச் சிரித்தாள். நான் வியந்து போக வேண்டும் என்று சொல்லாமல் வந்திருக்கிறாள். கை தூக்கப் போனாள்.

நான் நோட்டைப் பிரித்துப் பார்த்தேன்.

மிருதுளா கேட்டாள். "உன்னைப் பாத்துச் சிரிக்கறாங்க. தெரிஞ்சவங்களா?"

"இல்லையே."

மூன்றடி தூரம்கூட இல்லை. அவளுக்குக் கேட்காமல் இருக்க வாய்ப்பே இல்லை. ஏணியிலிருந்து இறங்கி, எங்கள் மேசைப் பக்கம் வந்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "மேடம், கொஞ்சம் தள்ளி நின்னுக்கிடுங்க. இந்த லைன்ல கரண்ட் இருக்கு."

தள்ளி நின்றேன். நான் கேவலமானவள். வேறு வார்த்தை தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

செப்டம்பர் 24, செவ்வாய்

லேபில் விபத்து. யாருக்கும் அடி இல்லை. 

புதுப் பலகையில் இன்றுதான் முதல் சோதனை. எங்கள் மேசையில் டி.சி. மோட்டார். அதன் வேகத்தைக் கட்டுப்படுத்த ரியோஸ்டாட் என்று ஒரு கருவி உண்டு. அதில் ஒரு குமிழ் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நகரும். மோட்டாரைக் கிளப்பும் முன் அது முதல் முனையில் இருக்க வேண்டும். கடைசி முனையில் இருந்தால் மோட்டார் வெறிபிடித்த மாதிரி ஓடும். பலகை மாற்றுவதற்கு முன் வந்த யாரோ அதைக் கடைசி முனையிலேயே விட்டுப் போயிருந்தார்கள். மிருதுளா இணைப்புகளைப் படத்தோடு இரண்டு முறை சரிபார்த்தாள். குமிழ் படத்தில் இல்லை, அதனால் பார்க்கவில்லை. சுவிட்சைப் போட்டாள். ஊளையிடுகிற மாதிரி ஒரு சத்தம். மேசை அதிர்ந்தது. அம்மீட்டர் முள் வளைந்தது, பலகையில் பட்டென்று நெருப்புப் பொறி. எல்லாம் நின்றது.

டேனியல்தான் முதலில் வாயைத் திறந்தான். "புது போர்டுல ஏதோ ஃபால்ட்!" எல்லோரும் ஆமாம் என்றார்கள். வைதேகி மேடம், லேப் பொறுப்பாளர், உடனே கம்பெனிக்குப் போன் செய்தார். எங்களை வெளியே அனுப்பிவிட்டார்.

நாளை கணிதத்தில் சின்னத் தேர்வு. படிக்க வேண்டும்.

செப்டம்பர் 25, புதன்

நேற்று இசக்கியைத்தான் அனுப்பினார்களாம். வந்து பார்த்து, அறிக்கை கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

மேடம் எங்கள் நான்கு பேரையும் கூப்பிட்டார். பலகை பொருத்தியதில் குறை என்று கம்பெனிக்குப் புகார்க் கடிதம் தயாராகிறது. எங்கள் தரப்பில் எல்லாம் சரியாக இருந்தது என்று ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார். மிருதுளா போட்டாள். அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்கு நிஜமாகவே தெரியாது. டேனியல், கீர்த்திவாசன். நாலாவது நான்.

போட்டுவிட்டேன்.

கணிதச் சின்னத் தேர்வில் இருபதுக்குப் பதினாறு. மிருதுளா என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள்.

செப்டம்பர் 26, வியாழன்

முழுசாக எழுதிவிடுகிறேன். குமிழ் கடைசி முனையில் இருந்தது எனக்குத் தெரியும். சுவிட்சைப் போடும் முன்பே தெரியும். லேபுக்குள் நுழைந்தால் என் கண் முதலில் போவது அங்கேதான், பழகிவிட்டது. 'குமிழைத் தள்ளு' என்று இரண்டு வார்த்தை. அதைச் சொன்னால் மறுபடி நான் வயர்க்காரி ஆகிவிடுவேன் என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

காலையில் மேடம் அறைக்குப் போனேன். போகும் வழியெல்லாம் கணக்குப் போட்டேன். சொன்னால் பேட்ச் முழுவதற்கும் மதிப்பெண் போகும். மிருதுளாவின் முதலிடம் போகும். அவள் எனக்குச் சொல்லித் தருவதும் போகும். அது போனால் நவம்பரில் நானே போய்விடுவேன். சொல்லாவிட்டால் இசக்கியின் வேலை போகும். அறை வாசலில் நின்று ஏதேனும் நடு வழி உண்டா என்று யோசித்தேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், அதையும் யோசித்தேன்.

"மேடம், அந்த சர்வீஸ் ரிப்போர்ட்ட ஒரு தடவ பாக்கலாமா?"

அவர் ஆச்சரியமாகப் பார்த்துவிட்டு நீட்டினார். இசக்கியின் கையெழுத்து, அச்சுப் போல. பலகையின் ஒவ்வொரு இணைப்பையும் சோதித்ததாக வரிசையாக எழுதியிருந்தாள். எல்லாம் சரி, எல்லாம் சரி. கடைசிக் கட்டத்தில், பழுதுக்கான காரணம் என்ற இடத்தில்: காரணம் கண்டறியப்படவில்லை.

அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்துக் கேட்டே பேரிங்கைச் சொன்னவள். எதிரே கண்ணுக்கு முன்னால் குமிழ் கடைசி முனையில் நிற்கிறது. அவளுக்குத் தெரியாதா?

"டிப்ளமா படிச்ச பொண்ணுக்குக் காரணம்கூடக் கண்டுபிடிக்கத் தெரியல" என்றார் மேடம். "அதனாலதான் கம்ப்ளெய்ன்ட் எழுதறேன்."

"அவளுக்குத் தெரியும் மேடம்" என்றேன்.  பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். குமிழ், நான் பார்த்தது, சொல்லாமல் நின்றது, பொய்க் கையெழுத்து. மிருதுளாவுக்குத் தெரியாது என்பதை மூன்று முறை சொன்னேன்.

 மேடம் ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளி, "இதையெல்லாம் எழுதிக் கொடு" என்றார். எழுதினேன். புகார்க் கடிதத்தை அவர் இரண்டாக மடித்துக் கிழித்தார். எங்கள் பேட்ச்சுக்கு அந்தச் சோதனையில் பூஜ்யம். பொய்க் கையெழுத்துக்காக எனக்கு மட்டும் இந்தப் பருவத்தின் லேப் மதிப்பெண்ணில் பாதி வெட்டு. நியாயம்தான்.

மிருதுளாவிடம் நானே சொன்னேன். "பாத்துக்கிட்டே நின்னியா?" என்றாள். அவ்வளவுதான். எழுந்து போய்விட்டாள்.

செப்டம்பர் 28, சனி

மூன்று நாளில் பதினோரு முறை போன் செய்தேன். இன்று மதியம்தான் எடுத்தாள். பின்னால் ஏதோ தொழிற்சாலைச் சத்தம்.

"சொல்லு."

எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நடுவிலிருந்து தொடங்கினேன். மிருதுளா சுவிட்சைப் போட்டது, மேடத்திடம் சொன்னது, கடிதம் கிழிந்தது. அழுதுகொண்டே சொன்னேன்.

"தெரியும். ஒங்க மேடம் எங்க ஆபீசுக்குப் போன் போட்டு வருத்தம் தெரிவிச்சாங்க. நல்ல பொம்பள."

"நீ ஏன்ட்டி காரணத்த எழுதல?"

"மேசையில ஒன் நோட்டு கெடந்துச்சு, ஒன் பேரும் முந்நூத்தி ஏழுன்னும் போட்டு. ரியோஸ்டாட்டு கடைசியில நிக்கி. காரணம் எழுதுனா யாரு தலையில விழும்? லேட்டரல்ல வந்த ஒன் தலையிலதான். வந்து ரெண்டு மாசம்கூட ஒழுங்கா முடியல, அதுக்குள்ள வெரட்டி விட்ருவாங்களோன்னு நெனச்சேன். நானே அத முதல் முனைக்குத் தள்ளி வச்சிட்டு வந்தேன்."

"ஒனக்கு வேல போயிருக்கும் இசக்கி."

"வேற வேல தேடிருப்பேன். கை இருக்குலா."

நான் மன்னிப்புக் கேட்டேன். ஏணி மேல் நின்றவளைத் தெரியாது என்று சொன்னதற்குக் கேட்டேன். அவள் குறுக்கே வெட்டினாள். அவளுக்கு இத்தனை கோபம் வந்து நான் கேட்டதே இல்லை.

"அத விடு. என்னத் தெரியாதுன்னு சொன்ன, எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கல, சரி, அது ஒனக்கும் எனக்கும் உள்ளது. ஆனா ரியோஸ்டாட்டு கடைசியில நிக்கிறதப் பாத்துக்கிட்டு வாயத் தொறக்காம நின்னியே. அந்தப் பிள்ளை சுவிட்சுல கைய வச்சிருக்கு. மோட்டார் தெறிச்சிருந்தா? அந்தப் பிள்ளை தலமுடி மாட்டியிருந்தா? நீ படிச்சவளா ஏட்டி?"

 அவள் மூச்சு வாங்குவது கேட்டது.

"என்னய மன்னிக்கச் சொல்லிக் கேக்காத. அந்தப் பிள்ளைகிட்டப் போய்க் கேளு" என்றாள். "எனக்கு லைன் போடணும்" என்று வைத்துவிட்டாள்.

அவள் வேலைக்கு ஆபத்து, அவளை நான் அவமதித்தது, எதுவும் அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. அறிமுகமே இல்லாத ஒருத்தியின் தலைமுடிக்காகக் கோபப்படுகிறாள். நான் நூலகத்தில் புத்தக முதுகைப் பார்த்து அழுதேனே, அழ வேண்டிய இடம் இது.

செப்டம்பர் 29, ஞாயிறு

மெஸ் மேசையில் நான் மட்டும். தட்டையும் டம்ளரையும் வைத்து நானே போட்டுப் பார்த்தேன். மூன்றாவது கணக்கில் நின்றுவிட்டது. மிருதுளா அறைக் கதவைத் தட்டினேன். "உன் உயிரோட விளையாடிட்டேன், மன்னிச்சிடு" என்றேன். கதவை மூடவில்லை. திரும்பிப் போய்ப் புத்தகத்தைப் பிரித்தாள்.

அக்டோபர் 1, செவ்வாய்

லேப். எங்கள் மேசையில் நான் வயரை எடுத்தேன். யாரும் தடுக்கவில்லை. இணைத்து முடித்து, குமிழைப் பார்த்து, அதன்பின் மற்ற மேசைகளுக்கும் ஒவ்வொன்றாகப் போனேன். "என்ன, இன்ஸ்பெக்‌ஷனா?" என்று டேனியல் முனகினான். மூன்றாவது மேசையில் குமிழ் கடைசி முனையில் இருந்தது. அங்கே ஒரு பையன் சுவிட்சை நோக்கிக் கையைக் கொண்டுபோகிறான்.

"போடாதீங்க!"

இவ்வளவு சத்தம் என் தொண்டைக்குள் இருந்தது எனக்கே தெரியாது. லேப் முழுக்கத் திரும்பியது. வைதேகி மேடமும் எழுந்து நின்றார். நான் போய்க் குமிழை முதல் முனைக்குத் தள்ளினேன். "இப்போ போடுங்க." மோட்டார் சாதுவாக ஓடியது.

எங்கள் மேசைக்குத் திரும்பினேன். ஐந்து நாள் கழித்து மிருதுளா வாயைத் திறந்தாள்.

"அத்தனை தூரத்துலேர்ந்தே உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"பாலிடெக்னிக்ல என்கூடப் படிச்சவ ஒருத்தி பழக்கிவிட்டது. எங்க வகுப்புல ஃபர்ஸ்ட் மார்க். இங்க வந்து போர்டு மாட்டினாளே, நீலச் சட்டை, அவதான். இசக்கி. என் ஃப்ரெண்டு."

மிருதுளா என்னை நிமிர்ந்து பார்த்தாள். டேனியலும் கீர்த்திவாசனும் பார்த்தார்கள்.

"தெரியாதுன்னு சொன்னியே?"

"பொய் சொன்னேன்" என்றேன்.